அமைப்புகள் குடியிருந்த இடங்கள்

ஒரு மென்பொருள் ஓடத் தொடங்கியதும் வட்டில் மூன்று வகைச் சரக்கு சேர்கிறது. முதலாவது, நிரல், அது எழுதியவரிடமிருந்து வந்தது, எல்லோருடைய கணினியிலும் ஒன்றுபோல் இருப்பது. இரண்டாவது, பயனர் உண்டாக்கிய கடிதமும் படமும் கணக்கும். மூன்றாவது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: எழுத்தின் அளவு, திரையின் நிறம், கடைசியாகத் திறந்த கோப்பின் பெயர், எந்த அச்சுப்பொறி என்ற குறிப்பு. நிரல் இல்லாவிட்டால் இவற்றால் பயனில்லை. ஆனாலும் இவை நிரலோடு வந்தவையல்ல, பயனர் தேர்ந்தெடுத்தவை. ‘அமைப்புகள்’, ‘செட்டிங்ஸ்’ என்று அழைக்கப்படும் இந்த மூன்றாம் வகைக்கு ஓர் இடம் கண்டுபிடிக்கவே கணினி உலகத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. இது யாருடைய சொத்து என்று தொடக்கத்தில் யாரும் கேட்காததுதான் அதற்குக் காரணம்.

மிகப் பழைய விடை, அமைப்புகளை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது. 1978-இல் மைக்ரோப்ரோ நிறுவனம் வெளியிட்ட வேர்ட்ஸ்டார் சொற்செயலி அப்படித்தான் செய்தது. சி.பி.எம். இயங்குதளம் ஓடிய அன்றைய சிறு கணினிகளில் ஒவ்வொரு நிறுவனத்தின் திரையும் ஒவ்வொரு மாதிரி. கர்சரை நகர்த்த ஒரு திரைக்கு ஒரு குறியீட்டை அனுப்ப வேண்டும், அடுத்ததற்கு வேறொன்றை. அதனால் வேர்ட்ஸ்டாரோடு ‘இன்ஸ்டால்’ என்ற துணை நிரலும் வந்தது. அது எந்தத் திரை, எந்த அச்சுப்பொறி என்று கேட்கும். விடைகளை வாங்கி வேர்ட்ஸ்டாரின் நிரல் கோப்பைத் திறந்து, அதற்கென விடப்பட்டிருந்த பைட்டுகளில் எழுதிவைக்கும். இன்று ‘இன்ஸ்டால்’ என்றால் நிரலை வட்டில் நிறுவுவது என்று பொருள். அன்று, நிரலையே அந்தக் கணினிக்கு ஏற்றபடி வெட்டித் தைப்பது. விவரம் தெரிந்தவர்கள் எந்த முகவரியில் எந்த எண்ணை மாற்றினால் ஓரத்து இடைவெளி மாறும் என்று குறித்துவைத்துக்கொண்டு, தாங்களே கோப்பைத் திருத்தினார்கள். பின்னாளில் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியும் இதே வழியில் போனது.

ஒரு கணினி, ஒரு ஃபிளாப்பி, ஓர் ஆள் என்ற உலகத்தில் இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஃபிளாப்பியை நகலெடுத்தால் அமைப்புகளும் கூடவே வந்துவிடும். புதிய பதிப்பு வந்த நாளில்தான் சங்கடம் தெரிந்தது: பழைய நிரலோடு அதற்குள் எழுதிவைத்ததெல்லாம் போய்விடும், ஒவ்வொன்றையும் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே நிரலை இருவர் பயன்படுத்தினால் ஒருவருடைய விருப்பத்தை மற்றவர் சுமக்கவும் வேண்டும்.

பலர் சேர்ந்து ஒரு கணினியைப் பயன்படுத்திய இடத்தில் வேறொரு வழி ஏற்கெனவே பிறந்திருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு. தொடக்கத்தில் அந்த வீடுகள் ‘யூஎஸ்ஆர்’ என்ற கோப்புறைக்குள் இருந்தன. கென் தாம்சனுக்கு அதற்குள் ‘கென்’, ரிச்சிக்கு அவர் பெயரெழுத்துகளால் ‘டிஎம்ஆர்’. பிற்பாடு அந்தக் கோப்புறையை இயங்குதளத்தின் நிரல்களே நிறைத்துவிட, பயனர்கள் ‘ஹோம்’ என்ற தனிக் கோப்புறைக்குப் போனார்கள். பெயர் எதுவானாலும் ஏற்பாடு ஒன்றுதான்: நிரல் பொது இடத்தில் இருக்கும், பயனருடையது பயனரின் வீட்டில் இருக்கும், கணினி முழுவதற்குமான அமைப்புகள் ‘இடிசி’ என்ற கோப்புறையில் இருக்கும். பொது நிரலைத் திருத்தும் உரிமை சாதாரணப் பயனருக்குக் கிடையாது. ஆகவே அவருடைய விருப்பத்தை எழுதிவைக்க அவருடைய வீடு ஒன்றுதான் இருந்தது.

வீட்டுக்குள் எங்கே வைப்பது என்பதைத் தீர்மானித்தது ஒரு புள்ளி. யூனிக்ஸின் ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு நிரந்தரப் பெயர்கள் உண்டு. ஒற்றைப் புள்ளி அந்தக் கோப்புறையையே குறிக்கும். இரட்டைப் புள்ளி அதற்கு மேலுள்ள கோப்புறையைக் குறிக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை இந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் காட்டினால் கண்ணுக்குத் தொந்தரவு என்பதால், அவற்றை விட்டுவிடும்படி அதில் ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. பெயர் முழுவதும் ஒற்றைப் புள்ளியா, இரட்டைப் புள்ளியா என்று பார்த்திருக்க வேண்டும். எழுதியவரோ முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டார். அது இன்னும் சுருக்கமான வழி. இதனால் புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் பட்டியலில் தெரியாமல் போனது. யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் இந்தக் கதையை எழுதினார். மறைகோப்பு என்ற கருத்தே யாரும் திட்டமிடாமல், இந்தக் குறுக்குவழியின் விளைவாக வந்தது என்பது அவருடைய உறுதியான எண்ணம். தம்முடைய வீட்டுக் கோப்புறையில் ஏறக்குறைய 100 புள்ளிக் கோப்புகள் கிடப்பதாகவும், அவற்றில் பெரும்பாலானவை என்ன, இன்னும் தேவையா என்பதுகூடத் தமக்குத் தெரியவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். யூனிக்ஸை உருவாக்கிய இடத்திலேயே வேலை செய்தவரின் வீட்டு நிலைமை இது.

தற்செயலாகக் கிடைத்த அந்த மறைவிடத்தை நிரல்கள் விரைவில் பிடித்துக்கொண்டன. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், கட்டளைகளை வாங்கி ஓட்டும் பார்ன் ஷெல் பயனரின் வீட்டில் ‘.புரொஃபைல்’ என்ற கோப்பைத் தேடியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல் ‘.சிஎஸ்எச்ஆர்சி’யைத் தேடியது, அவருடைய விஐ தொகுப்பான் ‘.எக்ஸ்ஆர்சி’யைத் தேடியது. இப்பெயர்களின் வாலில் தொங்கும் ‘ஆர்சி’ என்ற இரண்டெழுத்து யூனிக்ஸைவிடவும் மூத்தது. 1960-களில் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். இயங்குதளத்தில், ஒரு கோப்பில் எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக ஓட்டுவதற்கு லூயி பூசான் ‘ரன்காம்’ என்ற வசதியைச் செய்தார். அதன் சுருக்கமே ‘ஆர்சி’. இன்றைக்கும் லினக்ஸ் பயன்படுத்துவோர் ‘.பாஷ்ஆர்சி’யைத் திருத்தும்போது, அந்த இயங்குதளம் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அதன் பேச்சைத்தான் பேசுகிறார்கள்.

புள்ளிக் கோப்புகளின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அவை வெறும் உரை. எந்தத் தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம், வரிக்கு வரி குறிப்பு எழுதலாம், நண்பருக்கு அனுப்பலாம். வீட்டுக் கோப்புறையை நகலெடுத்தால் பயனரின் பழக்கவழக்கங்கள் அத்தனையும் புதிய கணினிக்குக் குடிபெயர்ந்துவிடும். குறை, எண்ணிக்கையில் வந்தது. ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு புள்ளிப் பெயரை வைத்துக்கொண்டது. நிரலை நீக்கினாலும் கோப்பு போகவில்லை. கண்ணில் படாததால் யாரும் கூட்டிப் பெருக்கவும் இல்லை. அமைப்பு, தற்காலிக நகல், கட்டளை வரலாறு, கடவுச்சொல் எல்லாம் ஒரே பரணில் ஏறின.

ஐ.பி.எம். பி.சி. கணினி 1981-இல் வந்தபோது இந்த அனுபவம் எதுவும் அதற்குக் கைமாறவில்லை. எம்.எஸ். டாஸின் முதல் பதிப்பில் கோப்புறை என்பதே கிடையாது. 1983-இல் வந்த 2.0 பதிப்புதான் அதைக் கொண்டுவந்தது. பயனர் என்ற கருத்து அப்போதும் வரவில்லை. கணினியின் முன் யார் உட்கார்ந்தாலும் டாஸுக்கு ஒருவரே. ஆகவே நிரல்கள் தங்கள் அமைப்புக் கோப்பைத் தாங்கள் இருக்கும் கோப்புறையிலேயே வைத்துக்கொண்டன.

விண்டோஸ் இந்தப் பழக்கத்துக்கு ஓர் ஒழுங்கு தர முயன்றது. 1985-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே ‘வின்.ஐஎன்ஐ’ என்ற உரைக் கோப்பு இருந்தது. அதன் அமைப்பு எளிமையானது: சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு தலைப்பு, அதன்கீழ் வரிக்கு ஒன்றாகப் பெயரும் சமக்குறியும் மதிப்பும். ‘டெஸ்க்டாப்’ என்ற தலைப்பின்கீழ் ‘வால்பேப்பர்’ என்ற வரியில் ஒரு படக் கோப்பின் பெயரை எழுதினால் அந்தப் படம் திரைக்குப் பின்னணியாக வரும். ‘விண்டோஸ்’ என்ற தலைப்பின்கீழ் ‘ரன்’ என்ற வரியில் நிரலின் பெயரை எழுதினால், கணினி எழுந்ததும் அந்த நிரல் தானாக ஓடும். பயனர் நோட்பேடில் திறந்து படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய கோப்பு அது. இந்த வடிவம் மனிதர்களுக்கு எவ்வளவு இணக்கமானது என்பதற்கு, ஐஎன்ஐ பாணிக் கோப்புகள் விண்டோஸுக்கு வெளியேயும் இன்றுவரை எழுதப்படுவதே சாட்சி.

ஆனால் எல்லா நிரல்களும் ஒரே ‘வின்.ஐஎன்ஐ’க்குள் தங்கள் வரிகளை நுழைத்தபோது அது ஊர்ப் பொதுச்சுவர் மாதிரி ஆகிவிட்டது. கோப்புக்கு 64 கிலோபைட் என்ற உச்சவரம்பும் இருந்தது. நிரல்கள் தனித்தனி ஐஎன்ஐ கோப்பு வைத்துக்கொள்ளலாம் என்று வழி விடப்பட்டதும், விண்டோஸ் கோப்புறையே அவற்றால் நிரம்பியது. எந்தக் கோப்பு எந்த நிரலுடையது என்பதை எட்டெழுத்துப் பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஒரே கணினியை மாறிமாறிப் பயன்படுத்தும் அலுவலகத்தில் காலையில் வந்தவர் மாற்றிய நிறம் மாலையில் வருபவருக்கும் அதேதான். இரண்டு நிரல்கள் ஒரே கோப்பை ஒரே சமயத்தில் எழுதினால் ஒன்று எழுதியது அழிந்துபோகலாம்.

தமிழ் வாசகருக்கு நேரடியாகப் பட்ட குறை ஒன்றும் அதில் உண்டு. ஐஎன்ஐ கோப்புகளை விண்டோஸ் அந்தந்த மொழிக்குரிய பழைய 8 பிட் குறிமுறையில் எழுதியது. தமிழுக்கு அப்படி ஒரு குறிமுறையை விண்டோஸ் வைத்திருக்கவே இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் நுழைந்தபோது யூனிகோட் வழியாக மட்டுமே நுழைந்தது. பழைய வழியில் எழுதும் ஒரு நிரல் தமிழ்ப் பெயரை ஐஎன்ஐ கோப்பில் சேமித்தால் எழுத்துக்கு ஒன்றாகக் கேள்விக்குறிகள்தான் எஞ்சும். திரும்பப் படித்து மீட்கவும் முடியாது, எழுத்தே கோப்புக்குள் போகவில்லை.

இத்தனைக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் தந்த விடை ரெஜிஸ்ட்ரி. 1992-இல் விண்டோஸ் 3.1-இல் அது ஒரு சிறு கோப்பாக, எந்த வகை ஆவணத்தை எந்த நிரல் திறக்கும் என்பது போன்ற செய்திகளுக்கு மட்டும் தலைகாட்டியது. 1993-இல் விண்டோஸ் என்.டி. அதை இயங்குதளத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 1995-இல் விண்டோஸ் 95 அதை வீட்டுக் கணினிகளுக்கெல்லாம் கொண்டுபோனது. ஐஎன்ஐயின் தலைப்புகளுக்குப் பதிலாகக் கிளை விட்டுக் கிளை பிரியும் ஒரு மரம். கணினி முழுவதற்குமானவை ஒரு பெருங்கிளையில், அப்போது உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கானவை இன்னொரு பெருங்கிளையில். விண்டோஸ் 95-இல் இவை ‘சிஸ்டம்.டாட்’, ‘யூசர்.டாட்’ என்று இரண்டு கோப்புகளாக வட்டில் இருந்தன. கணினியுடையது வேறு, ஆளுடையது வேறு என்று சாதாரண வீட்டுக் கணினி முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே ரெஜிஸ்ட்ரிக்கு வரலாற்றில் மரியாதையான இடம் உண்டு.

கொடுத்த விலையும் பெரிது. ரெஜிஸ்ட்ரி உரைக் கோப்பு அல்ல. ‘ரெஜ்எடிட்’ போன்ற கருவி இல்லாமல் அதன் உள்ளே பார்க்க முடியாது. அதில் குறிப்பெழுத இடமில்லை. நிரல்களின் உறுப்புகள் பெயருக்குப் பதில் 32 இலக்கப் பதினறும எண்களால் குறிக்கப்பட்டன. ஒரு நிரலின் கோப்புறையை நகலெடுத்து வேறு கணினியில் ஒட்டினால் அது ஓடாது, அதன் பாதி உயிர் பழைய கணினியின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். நிரலை அழித்தாலும் அதன் சுவடுகள் அங்கே தங்கிவிடும். அவற்றைத் துடைப்பதற்கென்றே ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ என்று ஒரு வணிகம் தோன்றி, துடைக்கக்கூடாததையும் துடைத்தது. எல்லாவற்றையும்விட, அத்தனை அமைப்புகளும் ஒரே பெட்டகத்தில் இருந்ததால் அந்தக் கோப்பு கெட்டால் கணினியே எழாது. விண்டோஸ் 95 ஒவ்வொரு முறை நல்லபடியாக எழுந்ததும் இரண்டு கோப்புகளுக்கும் ஒரு நகல் எடுத்துவைத்தது. விண்டோஸ் 98 ஐந்து நகல்கள் வரை வைத்துக்கொண்டது. இந்தக் கவலையை அதைச் செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதை அந்த நகல்கள் காட்டுகின்றன.

ரெஜிஸ்ட்ரி சிறு மதிப்புகளுக்கானது. அகராதி, வார்ப்புரு, அஞ்சல் பெட்டி போன்ற பெரிய சரக்கை அதில் ஏற்ற முடியாது. அதற்காக விண்டோஸ் 2000-இல் ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற கோப்புறை வந்தது. அதற்குள் பயனருக்கு ஒரு வீடு, வீட்டுக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற அறை. அறை கட்டியாயிற்று, நிரல்கள்தான் குடிபோகவில்லை. பயனர்களில் பெரும்பாலோர் முழு அதிகாரத்தோடே கணினியைப் பயன்படுத்தியதால், பழைய வழக்கப்படி ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலேயே நிரல்கள் எழுதிக்கொண்டிருந்தன, தடுப்பார் இல்லை.

2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா அந்தக் கதவை மூடியது. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் எழுத அனுமதி கேட்க வேண்டும் என்றானது. அப்படியே விட்டிருந்தால் பல்லாயிரம் பழைய நிரல்கள் நின்றுபோயிருக்கும். அதனால் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது: பழைய நிரல் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் மறுக்காது, எழுதியதைச் சத்தமில்லாமல் பயனரின் வீட்டிலுள்ள ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற கோப்புறைக்குத் திருப்பிவிடும். நிரல் திரும்பப் படிக்கும்போது அங்கிருந்தே எடுத்துக்கொடுக்கும். பழைய நிரல் பிழைத்துக்கொண்டது. ஆனால் திருத்திய கோப்பைத் தேடிப் போன பயனருக்கு நிரலின் கோப்புறையில் பழைய கோப்பே தெரியும், நிரலோ புதியதைக் காட்டும். காரணம் தெரியாமல் குழம்பியவர்கள் ஏராளம்.

விஸ்டாவில் ‘ஆப்டேட்டா’ என்று பெயர் மாறிய அந்த அறை ‘ரோமிங்’, ‘லோக்கல்’ என்று இரண்டு முக்கியப் பகுதிகளாகப் பிரிந்தது. பெரிய அலுவலகத்தில் ஊழியர் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருடைய அமைப்புகள் பின்தொடர வேண்டும். அப்படிப் பின்தொடர வேண்டியவை ‘ரோமிங்’கில். அந்த ஒரு கணினிக்கு மட்டும் பொருந்துபவை, மறுபடி உண்டாக்கிக்கொள்ளக்கூடியவை ‘லோக்கல்’லில். உள்ளே நுழையும்போது ‘ரோமிங்’ வலைப்பின்னல் வழியாக வந்திறங்கும், வெளியேறும்போது திரும்பிப் போகும். தற்காலிக நகல்களை ஒரு நிரல் தவறாக ‘ரோமிங்’கில் குவித்தால், காலையில் அலுவலகம் முழுவதும் கணினி திறக்கக் காத்திருக்கும்.

மெக்கின்டோஷ் இந்த ஒழுங்கை முன்பே ஓரளவு எட்டியிருந்தது. 1991 மே மாதம் வந்த சிஸ்டம் 7, சிஸ்டம் கோப்புறைக்குள் ‘பிரிஃபரன்ஸஸ்’ என்று ஒரு தனிக் கோப்புறையை வைத்தது. நீட்சிகள், கட்டுப்பாட்டுப் பலகைகள் போன்றவற்றை சிஸ்டம் கோப்புறையின் மேல் இழுத்துப் போட்டால், அவற்றை உரிய உள்கோப்புறையில் வைக்கட்டுமா என்று ஃபைண்டர் கேட்கும். 2001-இல் மேக் ஓ.எஸ். எக்ஸ் வந்தபோது நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தின் வழியில் அமைப்புகள் பயனரின் வீட்டுக்குள் ‘லைப்ரரி’ என்ற கோப்புறைக்குப் போயின. அதற்குள் அமைப்புகளுக்கு ஒன்று, நிரலின் துணைச் சரக்குக்கு ஒன்று, தற்காலிக நகல்களுக்கு ஒன்று. ஒவ்வொரு நிரலின் அமைப்புக் கோப்புக்கும் அந்த நிறுவனத்தின் இணையப் பெயரைத் தலைகீழாக்கி முன்னால் வைத்ததால் பெயர்மோதல் ஒழிந்தது. 2011-இல் லயன் பதிப்பு அந்த லைப்ரரியைப் பயனரின் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது.

லினக்ஸ் மேசைத்தளங்கள் 2000-களின் தொடக்கத்தில் புள்ளிக் கோப்புகளின் காட்டுக்குள் நின்றன. க்னோம் ஒரு பக்கம், கே.டி.இ. ஒரு பக்கம், ஒவ்வொன்றும் தன் மறைகோப்புறையோடு. இரண்டுக்கும் பொதுவான விதிகளைப் பேசுவதற்காக ஹேவக் பென்னிங்டன் 2000-இல் ஃப்ரீடெஸ்க்டாப்.ஆர்க் திட்டத்தைத் தொடங்கினார். கே.டி.இ.யைச் சேர்ந்த வால்டோ பாஸ்டியன் முன்னின்று எழுதிய அடிப்படைக் கோப்புறை விதி 2003-இல் அங்கிருந்து வந்தது. சில பக்கங்களே உள்ள ஆவணம். ஆனால் இந்த வரலாற்றில் இவ்வளவு தெளிவாகச் சிந்தித்து எழுதப்பட்டது வேறொன்று இல்லை எனலாம். சமையலறை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் தனித்தனிக் கிண்ணம் இருப்பதைப்போல அது சரக்கைத் தன்மை பார்த்துப் பிரித்தது. அமைப்புகள் ‘.கான்ஃபிக்’ கோப்புறையில், நிரல் பயனருக்காகச் சேர்த்துவைக்கும் தரவு ‘.லோக்கல்’ கோப்புறைக்குள் ‘ஷேர்’ என்பதில். அழித்தாலும் நட்டமில்லாத நகல்கள் ‘.கேஷ்’ கோப்புறையில். இவை வழக்கமான இடங்கள் மட்டுமே. பயனர் விரும்பினால் ஒரு சூழல் மாறியில் வேறு இடம் சொல்லலாம், நிரல் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இந்தப் பிரிவினையின் பயன் வட்டு நிறையும் நாளில் தெரியும். கேஷ் கோப்புறையைக் கண்ணை மூடிக்கொண்டு காலி செய்யலாம். காப்பு நகல் எடுக்கும்போது அதை விட்டுவிடலாம். கான்ஃபிக் கோப்புறையை மட்டும் புதிய கணினிக்குக் கொண்டுபோகலாம். எல்லாம் ஒரே மறைகோப்புறையில் கிடந்த காலத்தில், எதைத் தொட்டால் எது போகும் என்று நிரலை எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

பிரிக்கப் பிரிக்க இன்னும் பிரிக்க வேண்டியது தெரிந்தது. பயனர் வெளியேறியதும் மறைய வேண்டிய தற்காலிக இணைப்புக் கோப்புகளுக்கு 2010-இல் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. கட்டளை வரலாறு, சாளரம் கடைசியாக நின்ற இடம், பதிவேடு போன்றவை அமைப்பும் அல்ல, பயனரின் படைப்பும் அல்ல, தூக்கியெறியவும் முடியாது, அவற்றுக்கு ‘.லோக்கல்’ கோப்புறைக்குள் ‘ஸ்டேட்’ என்ற கிண்ணம் 2021-இல்தான் சேர்ந்தது.

கைபேசி இந்தக் கேள்வியை அதிகாரத்தால் தீர்த்தது. 2008-இல் வந்த ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் லினக்ஸின் தனிப் பயனராக நடத்துகிறது. ஒன்றின் தனி அறைக்குள் மற்றொன்று எட்டிப் பார்க்க முடியாது. செயலியை நீக்கினால் அதன் அறையும் போய்விடும். ஐஃபோனிலும் செயலிக்கு ஒரு வேலியிட்ட இடம். எங்கே எழுதுவது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே செயலியை எழுதுபவருக்கு இல்லாததால் குப்பை சேரவில்லை. அதே வேலி பயனரையும் வெளியே நிறுத்துகிறது: தம்முடைய அமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்கவோ வேறு கைபேசிக்கு எடுத்துப்போகவோ சாதாரணப் பயனருக்கு வழியில்லை. ‘வின்.ஐஎன்ஐ’யை நோட்பேடில் திருத்தியவருக்கு இருந்த உரிமை, கையடக்கக் கணினியில் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

மேசைக் கணினியில் அப்படி உத்தரவிடுவார் இல்லை. லினக்ஸ் விதி வேண்டுகோளாகவே நின்றது. சில நிரல்கள் குடிபெயர்ந்தன. நியோவிம் தன் தொடக்க ஆண்டுகளிலேயே புதிய இடத்தைப் பிடித்தது. கிட் 2012-இல் ‘.கான்ஃபிக்’கிலும் தேடத் தொடங்கியது, வீட்டிலுள்ள பழைய கோப்பையும் விடாமல். எஸ்.எஸ்.எச். சாவிகளும் ‘.பாஷ்ஆர்சி’யும் இன்னும் வீட்டு முற்றத்திலேயே இருக்கின்றன. எண்ணற்ற கையேடுகளும் கருவிகளும் அவற்றை அங்கேதான் தேடுகின்றன. 1991 முதல் வெளிவரும் விம் தொகுப்பான், விதி எழுதப்பட்டு 20 ஆண்டுகள் தாண்டி, 2024-இல் ‘.கான்ஃபிக்’ கோப்புறையில் உள்ள அமைப்பையும் படிக்கக் கற்றுக்கொண்டது. வீட்டில் புள்ளி வைத்த பழைய கோப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டுமே அது அங்கே போகிறது.